பெரும்பாறைக் குட்டையில் நான் பிடுங்கிய செடி

தாவரவியலில் நான் தங்கப்பதக்கம் வாங்கியவள். இதை நானாக வெளியில் சொல்வதில்லை. அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்கிற இடத்தில் என் கணவர் அருள் இருந்தால், "பதக்கத்தைப் பத்தி எங்க வீட்டுக் குட்டையக் கேட்டுப் பாருங்க" என்பார். எதிரில் இருப்பவர் உடனே, "என்ன குட்டை?" என்பார். அப்புறம் அரை மணி நேரத்துக்கு எனக்கு அந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. அதனால் அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். (அவர் சொல்லும்போது அட்டைகளின் எண்ணிக்கை வருஷாவருஷம் கூடிக்கொண்டே போகிறது.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் திண்டுக்கல். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அருள் அங்கேயே கணக்கு வாத்தியார். ஸ்டாஃப் ரூமில் ஒரே ஃபிளாஸ்க் டீயைப் பங்கு போட்டு, ஒரே குடையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, மழை நின்ற பிறகும் குடையை மடக்க மறந்து, எப்படியோ கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. என் வீட்டில் சரி சொல்லிவிட்டார்கள். அருளின் அப்பா மட்டும்தான் பாக்கி.

"உங்கப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'கூட்டிட்டு வா'ன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவங்க மாசத்துக்கு நாலு வாக்கியம் பேசுவாங்க ரோஸி. அதுல ஒண்ண உனக்காகச் செலவு பண்ணியிருக்காங்க. சந்தோஷப்படு."

அருளின் அப்பா சூசை பெரும்பாறைக்காரர். ஒரு காப்பி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை ஏக்கர் சொந்த நிலம், அதில் காப்பி, மிளகுக்கொடி, நாலைந்து ஆரஞ்சு மரம். அருளின் அம்மா லூர்தம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பாவும், காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற தங்கை அமலாவும்தான். அந்த வீட்டில் பேச வேண்டிய பேச்சு முழுவதையும் அமலா குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக பஸ்ஸில் போய் இறங்கினோம். நான் கடுகு மஞ்சளில் புதுச் சுடிதார் போட்டிருந்தேன். எப்படியாவது அந்த மனிதருக்கு என்னைப் பிடித்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஜெபம். சாப்பாட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. அமலா பேசினாள், அருள் சிரித்தார், நான் எலும்பைக்கூடச் சத்தமில்லாமல் கடித்தேன். சூசை அங்கிள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் தட்டில் குழம்பு குறைந்தபோதெல்லாம் கரண்டி மட்டும் வந்தது.

கை கழுவிய பிறகு அவராகவே வாய் திறந்தார்.

"டீச்சர், நீங்க செடிகொடிக்குப் படிச்சவுகளாமே?"

"ஆமா அங்கிள்." (கோல்டு மெடல் என்று அருள் சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.) "கோல்டு மெடல், அங்கிள்."

"அப்ப ஒரு சோலி இருக்கு. வாரீகளா?"

வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகளைத் தாண்டி ஒரு குட்டை. ஊற்றுத் தண்ணீர். நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அளவுதான். தண்ணீரே தெரியாமல் இதய வடிவத்தில் இலைகள் மூடிக் கிடந்தன. பனிக்காலம் என்பதால் ஒரு பூ இல்லை.

"இதுல ரெண்டு சாதி இருக்கு டீச்சர். ஒண்ணு லூர்து வச்சது. கல்யாணமான புதுசுல அவுக ஊர்க் குளத்திலேருந்து ஈரச் சாக்குல சுத்திக் கொண்டாந்தா. அஞ்சு இதழு, வெள்ளையா, இதழு மேலெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கும். வெள்ளனே பூக்கும், மத்தியானம் சுருங்கிரும். நாங்க பஞ்சுப்பூன்னு சொல்லுவோம். இன்னொண்ணு அல்லி. பங்களாத் தோட்டத்திலேருந்து யாரோ கொடுத்தது. அது இப்ப மண்டிக் கெடக்கு. போன வருசம் பஞ்சுப்பூ ஒண்ணுகூடப் பூக்கல. அல்லிய எடுத்துறலாம்னு பாத்தா, பூ இல்லாதப்ப எது எதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. அவளுக்குத்தான் தெரியும்."

மாசத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவர் ஒரே மூச்சில் இத்தனை பேசியதில் அருள் பல் குத்துவதை நிறுத்திவிட்டார். நியாயமாக எனக்கு அந்த இடத்தில் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது உற்சாகம்.

"இவ்வளவுதானா அங்கிள்? அல்லி வந்து நிம்ஃபியா. உங்க பஞ்சுப்பூ நிம்ஃபாய்டஸ். பேரு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ரெண்டும் சொந்தமே கிடையாது. 'ஆய்டஸ்'னா 'அது மாதிரி'ன்னு அர்த்தம். இலை ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா அடியில கைய விட்டா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிரும்."

இதுவரைக்கும் நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வித்தியாசமும் எளிமையானதுதான். ஒரு செடியில் இலைக்குச் சற்றுக் கீழே காம்பில் ஒரு முடிச்சு இருக்கும். அந்த முடிச்சிலிருந்துதான் பூ கொத்தாகக் கிளம்பும். இன்னொன்றில் இலைக்காம்பு தனி, பூக்காம்பு தனி. இரண்டும் சேற்றுக்குள் இருக்கிற கிழங்கிலிருந்து நேராக வரும், காம்பு வழவழவென்று இருக்கும். முடிச்சு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் என்னவென்றால், இதை நான் செடியைப் பார்த்துப் படிக்கவில்லை. 'இரண்டு வேறுபாடுகள் எழுதுக' என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். நோட்டில் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நிஜத்தில் இந்தச் செடிகளைக் காகிதத்தில் ஒட்டிக் காயவைத்த அப்பளமாகத்தான் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் ஈரமாக அசைகிற இலைக்கு முன்னால் நின்று அந்த நோட்டை நினைவில் கொண்டுவந்தபோது, முடிச்சு இடப்பக்கம் இருந்தது தெளிவாக ஞாபகம் வந்தது. இடப்பக்கத் தலைப்பு மட்டும் நிம்ஃபியாவா, நிம்ஃபாய்டஸா என்று ஒரு வினாடி ஆடியது.

ஃபோனில் செடியைக் காட்டினால் பெயர் சொல்லுகிற ஆப் ஒன்று இருந்தது. சிக்னலுக்காகக் கையை உயர்த்திக்கொண்டு குட்டையைச் சுற்றி வந்தேன். கடைசியில் கிடைத்த ஒற்றைக் கோட்டில் அது யோசித்து யோசித்து, 'தவளை' என்றது. (இலை மேல் ஒன்று உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.)

"என்ன டீச்சர், சொல்லுதா?" என்றார் அங்கிள்.

தெரியவில்லை, பூக்கும் வரை காத்திருப்போம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாசத்தில் வெயில் வந்தால் செடியே சொல்லிவிடும். ஆனால் மாமனாராகப் போகிறவர் முதல்முதலாகக் கேட்ட உதவி. தங்கப்பதக்கம் வேறு.

"முடிச்சு இருக்கிறதுதான் அல்லி அங்கிள்" என்றேன்.

சொல்லிவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியும் விட்டேன். அருள் தான் இறங்குவதாகச் சொன்னார். "உங்களுக்கு வித்தியாசம் தெரியாது, கரையில நில்லுங்க" என்று அடக்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல், ஐஸ் மாதிரி. ஒவ்வொரு இலையின் அடியிலும் கையை விட்டு, முடிச்சு தட்டுப்பட்டால் வேரோடு பிடுங்கிக் கரைக்கு எறிந்தேன். ஒருமுறை சேற்றில் வழுக்கி முழுதாக உட்கார்ந்து எழுந்தேன். அமலா அதை வீடியோ எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. முடிச்சுள்ள செடி ஒன்றுகூட மிச்சமில்லை. கடுகு மஞ்சள் சுடிதார் கழுத்து வரை காப்பிப்பொடி நிறம். காலில் இரண்டு அட்டை. (இரண்டே இரண்டுதான். அருள் ஏழு என்று சொன்னால் நம்பாதீர்கள்.)

அங்கிள் ஓடிப்போய் உப்பு எடுத்து வந்து, குனிந்து, என் காலில் தானே போட்டார். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. "இனிமே பஞ்சுப்பூ நல்லாப் பூக்கும் அங்கிள்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் கிளம்பியபோது ஜன்னலில் தலையை நீட்டி, வளைவு திரும்புகிற வரை அவருக்குக் கையாட்டிக்கொண்டே போனேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். அமலா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். குட்டையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய பூ. கூர் கூராகப் பத்துப் பதினைந்து இதழ்கள். பஞ்சு எதுவும் இல்லை. கீழே, 'அண்ணி வளர்த்த பூ' என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள்.

அல்லி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும், அது அல்லி என்று.

அருளிடம் ஃபோனைக் காட்டினேன். முதலில் சிரித்தார். அப்புறம் படத்தை மறுபடி பார்த்தார். சிரிப்பு மெதுவாக நின்றது. அது அவர் அம்மாவின் செடி.

"அப்பா என்ன சொன்னாங்கன்னு கேளுங்க" என்றேன்.

அமலாவிடம் பேசிவிட்டு வந்தார். "ஒண்ணும் சொல்லலையாம். தினம் வெள்ளனே போயி குட்டைக்கிட்ட நிக்கிறாங்களாம். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முப்பது வருஷம் ஒரு பெண்பிள்ளை காப்பாற்றி வைத்திருந்ததை ஒரு மணி நேரத்தில் பிடுங்கி எறிந்துவிட்டு, 'நல்லாப் பூக்கும்' என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்கலாம் என்று நாலு தடவை ஃபோனைக் கையில் எடுத்தேன். நாலு தடவையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு ஒரு கேவலமான யோசனை வந்தது. வேறு எங்கிருந்தாவது பஞ்சுப்பூச் செடியைக் கொண்டுபோய் அவருக்குத் தெரியாமல் குட்டையில் விட்டுவிட்டால்? ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்து மறுபடி தழைத்ததாக அவர் நினைத்துக்கொள்வார். கல்யாணமும் நடக்கும். அருளிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளி சாயங்காலம் திண்டுக்கல்லுக்கு வந்தேன். மறுநாள் விடிந்ததும் அம்மாவின் நீல பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு கன்னிவாடிக்கு பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே ஒரு குளம். கரையோரத் தண்ணீரில் இதய இலைகள். கையை விட்டேன். முடிச்சு இருந்தது! இந்தத் தடவை நோட்டை நம்பவில்லை, மூன்று புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வாளி நிறையப் பறித்தேன்.

புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது எதுக்கு? மாட்டுக்கா?"

"இல்லக்கா, மாமனாருக்கு."

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

செம்பட்டி போய் மலை பஸ் பிடித்தேன். வாளியை மடியில் வைத்திருந்தேன். "தண்ணி சிந்தாம பாத்துக்கங்க, மேல வளைவு நெறைய இருக்கு" என்றார் கண்டக்டர். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பாதித் தண்ணீர் என் மேல். மிச்சம் அடுத்த வளைவில்.

சனிக்கிழமை காலையில் அப்பா தாண்டிக்குடிக்குப் போய்விடுவார் என்று அருள் எப்போதோ சொன்ன ஞாபகம். அதை நம்பி, வீட்டு வாசல் பக்கம் போகாமல் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து குட்டைக்கு வந்தேன். செருப்பைக் கழற்றினேன். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தேன்.

"டீச்சர்."

குட்டையின் அந்தப் பக்கம், கையில் அரிவாளோடு அங்கிள் நின்றிருந்தார். முழங்கால் வரை சேறு. பக்கத்தில் அல்லிக் கிழங்குகள் குவிந்து கிடந்தன.

நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்கள் எல்லாம் இருந்தன. எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் கரையிலுமாக நின்று, வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, நடுக்கோடு, இடப்பக்கம் வலப்பக்கம், அமலாவின் படம், தெரியாமல் விட்டுவிட வந்தது வரைக்கும். "எனக்குத் தெரியலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும் அங்கிள். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"என்னது?"

"நீங்க பஸ்ஸு ஏறுன பெறகு, பிடுங்கிப் போட்டத அள்ளிக் காப்பிச் செடிக்குப் போடலாம்னு வந்தேன். ஒரு இலைக்கு அடியில மொட்டு இருந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன். உள்ள பஞ்சு."

"அப்பவே ஃபோன் பண்ணித் திட்டியிருக்கலாமே அங்கிள்!"

அவர் குனிந்து கைச் சேற்றைத் தண்ணீரில் அலசினார். "சன்னல்ல தலைய நீட்டிக் கையாட்டிக்கிட்டே போனீக. இந்த வீட்டப் பாத்து அம்புட்டுச் சந்தோசமா யாரும் கையாட்டி ரெண்டு வருசமாச்சு. அதப் போயி எப்படிக் கெடுக்க?"

எனக்கு அழுகை இன்னும் அதிகமாகிவிட்டது.

"அழுகாதீக. இங்கிட்டு வாங்க" என்று கோழிக்கூண்டுப் பக்கம் கூட்டிப் போனார். அங்கே ஒரு பழைய கல்தொட்டி. தண்ணீரில் ரூபாய்க் காசு அளவில் நாலைந்து குட்டி இலைகள் மிதந்தன. அன்று குவியலிலிருந்து முடிச்சோடு இருந்த இலைகளாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டிருக்கிறார். பெரும்பாலும் அழுகிவிட்டன. இரண்டு மட்டும் முடிச்சிலிருந்து வேர் விட்டுக் குட்டி போட்டுவிட்டன. அல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து இடம் பண்ணத்தான் தினமும் விடியலில் குட்டைக்குப் போயிருக்கிறார். எனக்குத் தெரிவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட நினைத்திருக்கிறார்.

நான் அவருக்குத் தெரியாமல் செடி வைக்க வந்திருக்கிறேன். அவர் எனக்குத் தெரியாமல் செடி வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

"அமலாகிட்டச் சொல்லல. அது வாய் சும்மா இருக்காது" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, அப்போதுதான் எழுந்து, பல் தேய்த்துக்கொண்டே அமலா பின்வாசலில் வந்து நின்றாள். என் முகத்தையும், ஈரத் துணியையும், வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி! வாளியெல்லாம் கொண்டாந்திருக்கீங்க! சீர்வரிசையா?"

விஷயம் முழுவதையும் பத்தே நிமிஷத்தில் எங்கள் இருவரிடமிருந்தும் கறந்துவிட்டாள். முதலில் அப்பாவை முறைத்தாள். அப்புறம் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "போனது போகட்டும் அண்ணி. இனிமே பூக்கட்டும், பெறகு பேரு சொல்லுங்க" என்றாள்.

கடுங்காப்பி குடித்து, துணி காய்ந்து, நான் கிளம்பும்போது, கல்யாணத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"வாளி இங்கயே கெடக்கட்டும் தாயி" என்றார் அவர். "எப்படியும் இங்கதான வரப்போற."

மே மாசம் கல்யாணம் நடந்தது. அன்றைக்குப் பஞ்சுப்பூ பூக்கவில்லை. (சினிமாவாக இருந்தால் பூத்திருக்கும்.) மறுவீட்டு விருந்துகள் எல்லாம் ஓய்ந்து, ஒரு புதன்கிழமை காலையில் ஒரே ஒரு பூ வந்தது. மாமா அதைக் கிள்ளவில்லை. மத்தியானம் அது சுருங்குகிற வரைக்கும் நாங்கள் ஆளுக்கொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

என் கன்னிவாடிச் செடியும் அதற்குப் பக்கத்திலேயே பூத்தது. அதே குடும்பம், அதே முடிச்சு, அதே அஞ்சு இதழ். ஆனால் சின்னப் பூ, இதழ் மேல் பஞ்சு இல்லை. நிம்ஃபாய்டஸிலேயே வேறொரு இனம். மறுபடியும் கோட்டை விட்டிருக்கிறேன்.

"இது யாரு?" என்றார் மாமா.

"இது... அதோட சொந்தக்காரங்க மாமா."

"சரி. வந்தது வந்துருச்சு, இருக்கட்டும்" என்றார்.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அமலா அன்று சொன்ன 'பூக்கட்டும்' என்ற வார்த்தை மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. பரீட்சை முடிவு, புதுப் பக்கத்து வீட்டுக்காரர், உப்புச் சரியா என்று தெரியாத குழம்பு, எதைப் பற்றி நான் அவசரமாகக் கருத்துச் சொன்னாலும் மூன்று குரலில் 'பூக்கட்டும்' வந்துவிடும். அமலாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதுதான் நடந்தது. ஜெரால்டு என்று பெயர். வந்தார், உட்கார்ந்தார், இரண்டு தட்டுக் கேசரி சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கார் கிளம்பியதும், "ஆளு கொஞ்சம்..." என்று நான் ஆரம்பித்தேன். முடிக்கவிடாமல் அமலாவே, "பூக்கட்டும் அண்ணி" என்றாள்.

அமலாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. ஜெரால்டு இன்னும் பூக்கவில்லை. மாமாவும் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டைக் கரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கணக்காக ஒன்றும் பேசாமல், பரம திருப்தியோடு எழுந்து வருகிறார்கள்.